இருவர், மூன்று பெட்டி, எஃப்ஜேஆர் 1300: கனரக ஜிடி டயரா, சாதா டயரா?

நெடுவழி (மிசிசாகா) எழுதியது:

என்னிடமுள்ள 2014ஆம் ஆண்டு யமஹா எஃப்ஜேஆர் 1300 மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயர்களையும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பின் டயரின் நடுப்பகுதி தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டது. முன் டயரில் பள்ளம் இன்னும் மீதமிருந்தாலும், வேகத்தைக் குறைத்து வளைவில் சாயும்போது ஒரு முனகல் கேட்கிறது. கைப்பிடியிலும் லேசான அதிர்வு தெரிகிறது. அளவுகள் முன்னே 120/70 இசட்ஆர்17, பின்னே 180/55 இசட்ஆர்17.

வரும் ஜூலையில் மனைவியும் நானும் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்குச் சென்று, அங்குள்ள கேபட் ட்ரெயில் என்ற மலைச்சாலையைச் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். போகும் வழி மட்டும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி 401, கியூபெக்கின் 20 என்று நேராக நீளும் நெடுஞ்சாலை. அதையெல்லாம் கடந்த பிறகுதான் 298 கிலோமீட்டர் நீளமுள்ள கேபட் ட்ரெயிலின் வளைவுகள் வரும். இருவர், இரண்டு பக்கப் பெட்டிகள், மேலே ஒரு பெட்டி என்று முழுச் சுமையோடுதான் போவோம்.

என் குழப்பம் எந்த நிறுவனம் என்பதைவிட எந்த ரகம் என்பதில்தான் இருக்கிறது. மிச்சலின் ரோடு 6 என்று ஒன்று, பாரமான வண்டிகளுக்கென்று ரோடு 6 ஜிடி என்று இன்னொன்று. பிரிட்ஜ்ஸ்டோன் டி32, அதற்கும் ஒரு ஜிடி. வண்டி 289 கிலோ என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஜிடியை வாங்கிவிடலாமா, அல்லது இதில் யோசிக்க ஏதேனும் இருக்கிறதா?

பழைய கான்கர்ஸ் (மார்க்கம்) எழுதியது:

தம்பி, முதலில் ரயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் பாருங்கள். உங்கள் முன் ரயரில் 58டபிள்யூ என்றும் பின் ரயரில் 73டபிள்யூ என்றும் இருக்கும். 58 என்றால் 236 கிலோ, 73 என்றால் 365 கிலோ; டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீற்றர் வரையான வேகத் தரம். இப்போது கடையில் ஜிடி ரயரை எடுத்துப் பாருங்கள், அதிலும் இதே 73டபிள்யூ தான் இருக்கும். ஆகவே ஜிடி கூடுதல் பாரம் தாங்கும், சாதா ரயர் தாங்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. இரண்டும் தாங்கும் எடை ஒன்றே.

வேறுபாடு ரயரின் உடற்கூட்டில் இருக்கிறது. அதே ரப்பர், அதே பள்ள அமைப்பு, ஆனால் உள்ளே நூலடுக்குகளை இன்னும் விறைப்பாக அமைத்திருப்பார்கள். 2014இல் வந்த பைலட் ரோட் 4 ஜிடியில் மிச்சலின் இதை வெளிப்படையாகவே சொல்லி விற்றது. மெட்ஸலர் தன் ரோட்டெக் வரிசையில் இதை எச்டபிள்யூஎம் என்று குறிக்கிறது, பிரெல்லி 'ஏ' என்று குறிக்கிறது. பிரெல்லியில் ஒரு பொறி உண்டு: அவர்களுடைய ரயரின் பெயரே ஏஞ்சல் ஜிடி என்பதால், பெயரில் ஜிடி இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. பாரமான வண்டிக்கானது அதற்குள் 'ஏ' குறி உள்ளது மட்டும்தான். இணையத்தில் வாங்குவோர் இந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

விறைப்பான உடற்கூடு எதற்கு? முழுப் பாரத்தோடு வளைவுக்குள் நுழையும்போது ரயர் நசுங்கி நெளிந்தால், வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் மெதுவாக அசையும். நெளிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் தேய்வும் கூடும். நான் கவாசாகி கான்கர்ஸ் 14 வைத்திருக்கிறேன், அது 300 கிலோவைத் தாண்டும். மனைவி பின்னால் இருக்கும்போது சாதா ரயருக்கும் ஜிடிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வளைவிலேயே உணரலாம்.

கொங்கு புசா (கோவை) எழுதியது:

பெரியவர் சொன்ன கணக்கு சரி. முடிவில்தான் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு வண்டி ஆண்டு முழுவதும் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமே தவிர, ஆண்டில் ஒரு முறை போகும் பயணத்தை வைத்து டயர் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. நெடுவழி அவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுவார் என்று நினைக்கிறேன். தனி ஆள், பெட்டிகள் காலி என்றால், விறைப்பான உடற்கூடு போதிய அளவு நெளியாது, சூடேறவும் நேரமெடுக்கும். சாலையின் சிறு மேடு பள்ளங்களை உள்வாங்காமல் அப்படியே கைக்கு அனுப்பும். கனடாவின் ஏப்ரல் மாதக் காலைக் குளிரில் அது இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

நான் ஓட்டுவது சுசுகி ஹயபுசா, 266 கிலோ. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையிலும் மாறி மாறி ஓடுகிற வண்டி. கம்பெனியில் போட்டு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22 ஒரு ஸ்போர்ட் டயர். மலையில் அருமை, ஆனால் நேர்ச்சாலையில் நடுப்பகுதி கரைந்துகொண்டே போகும். அதன்பின், வளைவுக்கும் நெடும்பயணத்துக்கும் பொதுவான ஸ்போர்ட் டூரிங் ரகத்தின் சாதா டயருக்கு மாறினேன், மனைவியோடு போகும்போதுகூடக் குறை தெரியவில்லை. காற்றைச் சரியாக வைத்திருந்தால் சாதா டயரே போதும், காற்றைச் சரியாக வைக்காதவருக்கு ஜிடியும் உதவாது.

நெடுவழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன எண்களை வைத்து நேற்றிரவு எடையைக் கூட்டிப் பார்த்தேன். வண்டி 289, நாங்கள் இருவரும் கவச உடை, தலைக்கவசம் உட்பட 165, பெட்டிகளும் சாமான்களும் 35 என்று கொண்டால் மொத்தம் 490 கிலோவை நெருங்குகிறது. பின் சக்கரத்தின் மீது அறுபது விழுக்காடு விழுகிறது என்றால் 290-ஐ ஒட்டி வரும்; டயரின் வரம்பு 365. முன்னே 200 அளவில், வரம்பு 236. தாராளமாக இடமிருப்பது போலத்தான் தெரிகிறது.

கொங்கு புசா கேட்டதற்குப் பதில்: அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போகிறேன், ஆனால் அது குறைந்த தூரம். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் பாதிக்கும் மேல் இருவராகப் போகும் நெடும்பயணங்கள்தான். முன் டயரின் முனகலுக்கு என்ன காரணம் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. புது டயர் போட்டும் அதே கதை தொடரக் கூடாது.

பழைய கான்கர்ஸ் எழுதியது:

அந்த 365 கிலோ என்பது, ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்று உள்ளே இருக்கும்போது மட்டும்தான் உண்மை. காற்று இறங்கினால் தாங்கும் எடையும் இறங்கும். 42 இருக்க வேண்டிய இடத்தில் 34 வைத்துக்கொண்டு முழுப் பாரத்தோடு போனால், காகிதத்தில் தெரிகிற அந்தத் தாராளமான இடைவெளி அங்கே இருக்காது. உங்கள் வண்டிக்கு யமஹா சொல்வது முன்னே 39, பின்னே 42. இதை ரயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி சில மணி நேரம் நின்றபின், வீட்டிலேயே உங்கள் சொந்த அளவியால் பார்க்க வேண்டும். பெற்றோல் நிலையத்துக் குழாயின் அளவியை நான் நம்புவதில்லை. அங்கே போய்ச் சேருவதற்குள் ரயரும் சூடாகிவிடும்.

முனகலைப் பற்றி: வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி செய்துவிட்டு, உள்ளங்கையை ரயரின் மேல் வைத்துச் சக்கரம் சுழலும் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர்க் கட்டிகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். பாரமான வண்டியில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டிகள் வளைந்து, ஒரு ஓரம் மட்டும் அதிகமாகச் சாலையில் உரசுகிறது. காற்றுக் குறைவாக இருந்தால் வளைவு கூடும். முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க் தளர்ந்திருந்தால் இன்னும் வேகமாக வரும். எண்ணெய் மாற்றி எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். ஃபோர்க் எண்ணெயை யாருமே நினைப்பதில்லை.

ஈரச்சாலை (ஹாலிஃபாக்ஸ்) எழுதியது:

கேபட் ட்ரெயிலுக்கு வருபவர்கள் எல்லோரும் வளைவுகளைப் பற்றியே பேசுகிறார்கள், மழையைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கே ஜூலையிலும் கடல் மூடுபனி வரும், மழை வரும். பிரெஞ்சு மலையிலும் மெக்கன்சி மலையிலும் ஏறும்போது கீழே இருந்த வெயில் மேலே இருக்காது. ஆகவே உங்கள் கேள்வியில் ஜிடியா சாதாவா என்பதற்கு இணையாக, பாதி தேய்ந்த டயர் ஈரத்தில் எப்படி நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே வந்து சேரும்போது உங்கள் டயர் புதிதாக இருக்காது. நேர்ச்சாலையில் 2,000 கிலோமீட்டர் தேய்ந்த டயராக இருக்கும். அதற்கு முன் அலுவலகம் போய்வந்த தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சலினின் ரோடு 5 2018இல் வந்தபோது, 5,000 கிலோமீட்டர் ஓடிய பின்னும் ஈரத்தில் புதிய பைலட் ரோட் 4 நிற்கும் தூரத்திலேயே நிற்கும் என்று அந்நிறுவனம் சொன்னது. காரணம், டயரிலுள்ள மெல்லிய கீறல்கள் மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் வார்க்கப்பட்டிருக்கின்றன. மேல்பகுதி தேயத் தேய அகலமான அடிப்பகுதி வெளியே வந்து நீரை வாங்கிக்கொள்கிறது. 2022இல் வந்த ரோடு 6-இலும் இதே வழிதான் தொடர்கிறது. விளம்பரத்தை அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் பள்ளம் எங்கே, எத்தனை ஆழத்துக்குப் போகிறது என்பதைக் கடையில் கையில் வாங்கிப் பார்க்கலாம். சில டயர்களில் தோள்பகுதியில், அதாவது சாயும்போது தரையில் படும் ஓரத்தில், பள்ளமே இருக்காது. உலர்ந்த சாலையில் சாய்வதற்கு அது நல்லது. ஈரத்தில் நனைந்த இலைகளின் மேல் சாயும்போது எனக்கு அது பிடிப்பதில்லை.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். 42 பிஎஸ்ஐ உள்ள டயரில், 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். மிசிசாகாவின் 28 டிகிரி மதியத்தில் நிரப்பிய காற்று, இங்கே 12 டிகிரி விடியலில் பார்த்தால் 39-ஐ ஒட்டித்தான் காட்டும். ஓட்டை ஏதும் இல்லை, இயற்பியல்தான். பயணத்தில் தினமும் காலையில் பாருங்கள்.

இரவுப்பயணி எழுதியது:

இவ்வளவு யோசிப்பதற்குப் பதிலாகப் பின்னால் 205/50 ஆர்17 கார் டயரைப் போட்டுவிடலாமே? அமெரிக்காவில் எஃப்ஜேஆர் வைத்திருப்போர் சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஹோண்டா கோல்டு விங்கிலும் பலர் போட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டயரைப்போல் இரண்டு மூன்று மடங்கு உழைக்கிறதாம், நடுப்பகுதி சப்பையாவதும் இல்லை.

பழைய கான்கர்ஸ் எழுதியது:

நடுப்பகுதி சப்பையாவதில்லை, ஏனென்றால் அது பிறக்கும்போதே சப்பைதான். மோட்டார் சைக்கிள் ரிம்மின் விளிம்பும் கார் ரிம்மின் விளிம்பும் ஒரே வடிவம் அல்ல. கார் ரயரின் ஓரம் அதில் உட்காரும், ஆனால் எந்த ரயர் நிறுவனமும் அதை அனுமதிப்பதில்லை. சாயும்போது வட்டமான மேல்பரப்பில் உருள்வதற்குப் பதிலாக வண்டி ரயரின் ஓரத்தில் ஏறி நிற்கிறது; ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நேராகவே போகும் கோல்டு விங் காரரோடு நான் வாதாட மாட்டேன். கேபட் ட்ரெயிலுக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இதைச் சொல்வது பொருத்தமில்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் அந்த ரயரைப் படம் பிடிக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொங்கு புசா எழுதியது:

கார் டயரைப் பற்றிப் பெரியவரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஈரச்சாலை அவர்கள் சொன்ன பாதி தேய்ந்த டயர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்போர்ட் டூரிங் டயர்களில் பெரும்பாலானவற்றின் பின் டயர், நடுவே கெட்டியான ரப்பரும் இரு தோள்களிலும் மென்மையான ரப்பரும் கொண்டது. நேர்ச்சாலையில் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகும்போது, தட்டையும் தோளும் சேருமிடத்தில் ஒரு விளிம்பு உண்டாகும். அதன்பின் வண்டி சாய மறுக்கும். பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். பலர் இதை வண்டியின் எடைமேல் பழிபோடுகிறார்கள். புது டயர் போட்டதும் வண்டி ஐம்பது கிலோ இளைத்ததுபோல் இருக்கிறது என்று சொல்வதும் இதனால்தான். ஆகவே நெடுவழி அவர்கள் எந்த டயரை வாங்கினாலும் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் மாட்டட்டும், ஏப்ரலிலேயே மாட்டிவிட வேண்டாம்.

முன் டயரில் இன்னும் பள்ளம் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மாற்றலாமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். சிக்கனம் புரிகிறது. ஆனால் ரம்பப் பல்லாகத் தேய்ந்த முன் டயரும் வட்டமான புதிய பின் டயரும் சேர்ந்தால் வண்டி இரு மனதாக நடந்துகொள்ளும். இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் மாற்றுவதுதான் நல்லது. நிறுவனங்கள் அவற்றை இணையாக வைத்துத்தான் சோதிக்கின்றன.

இங்கே இந்தியாவில் எங்களுக்கு இந்த ஆடம்பரமெல்லாம் குறைவு. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, என் வண்டியின் பின் டயருக்கான 190 அளவில் எது கிடைக்கிறதோ அதை வாங்கி மாட்டிய காலம் உண்டு. அப்போது ஒரு கடைக்காரர் பெரிய தள்ளுபடி என்று காட்டிய டயரின் பக்கச்சுவரைத் திருப்பிப் பார்த்தால், தயாரிப்புக் குறி நான்கு ஆண்டுப் பழையது. அந்தக் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். இணையத்தில் வாங்குவதானால் பணம் கட்டுவதற்கு முன் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுக்கும் கடை வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

உள்ளங்கைச் சோதனையைச் செய்தேன், ரம்பப் பல்லேதான். இடப்பக்கம் கூடுதலாக இருக்கிறது. ஃபோர்க் எண்ணெய் மாற்றியதாக முந்தைய உரிமையாளரின் ரசீதுகளில் எங்கும் இல்லை, அதையும் இப்போதே செய்துவிடுகிறேன்.

இரண்டு டயர்களையும் ரோடு 6 ஜிடியாகவே வாங்க முடிவு செய்திருக்கிறேன். கொங்கு புசா சொன்ன மறுப்பை ஒதுக்கிவிடவில்லை. என் கிலோமீட்டர்களில் பெரும்பகுதி இருவராகப் போவது என்பதும், ஈரத்தில் தோள்பகுதி எப்படி இருக்கும் என்பதும்தான் முடிவைத் தீர்மானித்தன. சக்கரங்களை நானே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன், கூலி பாதியாகக் குறைகிறது. அப்போது கவனிக்க வேண்டியவை என்ன?

பழைய கான்கர்ஸ் எழுதியது:

பின் சக்கரம் வெளியே வந்திருக்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் பொருந்தும் பல்லுகளைத் துடைத்துவிட்டு மொலிப்டினம் கிரீஸ் பூசுங்கள். சக்கரத்தைக் கழற்றாமல் அந்த இடத்துக்குக் கை போகாது. காய்ந்து தேய்ந்த பல்லுகளை மாற்றும் செலவு ஒரு சோடி ரயரைவிட அதிகம். ரப்பர் வால்வுகளைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். முன் சக்கரத்தில் இரண்டு பிரேக் தட்டுகளுக்கு நடுவே காற்றுக் குழாயின் தலை நுழையாது, ஆகவே பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வு போட்டால் வழியில் காற்று பார்ப்பது எளிது. என் வண்டியைப்போல் உள்ளே அழுத்தம் காட்டும் உணரி இருப்பவர்கள், ரயரை நெம்பும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி, வால்வுக்கு அருகில் நெம்புகோலை வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கடையில் எனக்கு அது உடைந்து, புது உணரியின் விலையும் என் தலையிலேயே விழுந்தது.

பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுகிறதா என்பதைக் கடையை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். முன் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சின் இறுக்குத் திருகுகளை உடனே முறுக்காமல், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைச் சில தடவை அழுத்திவிட்டுப் பிறகு முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க் கால் ஒரு பக்கமாக இழுபட்ட நிலையிலேயே நிற்கும்.

ஈரச்சாலை எழுதியது:

ஆணி ஏறினால் அடைக்கும் கருவியும் சிறிய காற்றுப் பம்பும் எடுத்துவாருங்கள். கேப் பிரெட்டனின் வடக்கே டயர்க் கடைகள் அடுத்தடுத்து இல்லை, 180/55 கையிருப்பில் வைத்திருக்கும் கடை அதைவிட அரிது. அடைப்பு என்பது ட்ரெட்டின் (தரையில் உருளும் பரப்பின்) நடுப்பகுதியில் ஏறிய ஆணிக்கு மட்டும்தான். தோளிலோ பக்கச்சுவரிலோ ஏறியிருந்தால் வண்டியை ஏற்றிச்செல்லும் லாரியை அழையுங்கள். வெளியிலிருந்து சொருகிய அடைப்போடு, அதுவும் இருவராக, வீடுவரை ஓட்ட வேண்டாம். கேப் பிரெட்டனிலேயே உள்ள சிட்னி நகரில் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

கொங்கு புசா எழுதியது:

புது டயரின் முதல் 160 கிலோமீட்டரில் சாய்வையும் பிரேக்கையும் படிப்படியாகக் கூட்டுங்கள்; மனைவியை அதன்பின் ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் பின் டயரின் நடுப்பகுதியிலும் இரு தோள்களிலும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து இங்கே இடுங்கள். ஜிடி தேவையில்லை என்ற என் கட்சியை அதற்குமுன் நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.